அம்மாவின் மூட்டு ஆபரேஷனும் ஆஸ்பத்திரி பில்லும்

இந்தத் தடவை மதுரைக்குப் போனதே அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷனுக்காகத்தான், அதனால் பில் கதை மட்டும்தான் சொல்லப்போகிறேன்.

சிகிச்சையில் குறையே இல்லை. நியூஜெர்சியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்து பழகிய எனக்கு, நினைத்த அன்றே டாக்டர், அன்றே எக்ஸ்ரே என்பதெல்லாம் பெரிய விஷயம். எரிச்சல் ஆரம்பித்தது பில்லிங் கவுண்டரில். "கேஷா, இன்சூரன்ஸா?" என்பது முதல் கேள்வி, "எந்த ரூம்?" என்பது அடுத்தது. ரூம் என்றால் கட்டிலும் ஏசியும் மட்டும் என்று நினைக்காதீர்கள். தனி அறை எடுத்தால் சர்ஜன் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்ஸிங் எல்லாமே ஏறும். அதே டாக்டர், அதே கத்தி, அதே முட்டிதான். பாலிசியில் ரூம் வாடகைக்கு வரம்பு இருந்து, அதைத் தாண்டிய அறையை எடுத்துவிட்டால் இன்னும் மோசம், கூடுதல் வாடகையோடு விடமாட்டார்கள், டாக்டர் ஃபீஸையும் அதே விகிதத்தில் வெட்டிவிட்டுத்தான் கம்பெனி பணம் தரும்.

வைக்கிற மூட்டுக்கு மட்டும் அரசு கடிவாளம் போட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு வந்தபோது, அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் மூட்டு ஒன்றரை லட்சத்துக்கு மேலிருந்து 54,720 ரூபாய்க்கு (வரி தனி) இறங்கியது. சரி, நல்லது. ஆனால் ஒரு வரியில் அமுக்கினால் பில் அடுத்த வரியில் வீங்குகிறது: கையுறை, சிரிஞ்சு, 'இதர' என்று ஒரு பக்கம் முழுக்க. டெல்லிப் பகுதியின் சில தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை மருந்து விலை ஆணையம் 2018ல் ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அமெரிக்காதான் ஞாபகம் வந்தது. அங்கே 1960ல் மொத்த உற்பத்தியில் 5 சதவீதமாக இருந்த மருத்துவச் செலவு 2023ல் 17.6 சதவீதம், தலைக்கு 14,570 டாலர். வயதானவர்கள் கூடிவிட்டார்கள், சுகர் கூடிவிட்டது என்று காரணம் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. ஜப்பானில் அமெரிக்காவைவிட முதியவர்கள் அதிகம், செலவு விகிதம் ரொம்பக் குறைவு. கெரார்ட் ஆண்டர்சன், ஊவே ரெய்ன்ஹார்ட் என்ற மருத்துவச் செலவு ஆய்வாளர்களின் குழுவினர் 2003லேயே சொல்லிவிட்டார்கள்: அமெரிக்கர்கள் மற்ற பணக்கார நாட்டுக்காரர்களைவிட அதிகமாக டாக்டரிடம் போவதில்லை, ஒவ்வொன்றுக்கும் கொடுக்கிற விலைதான் அதிகம். அதற்கு மேல் கிளெய்ம் எழுத ஆள், மறுக்க ஆள், மேல்முறையீடு செய்ய ஆள். மருந்துக் கம்பெனியோடு பேரம் பேச, முதியோருக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு அனுமதி கிடைத்ததே 2022 சட்டத்தில்தான்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு எவ்வளவோ முன்னாடி. மருத்துவப் பணிகள் கழகம் 1994லேயே வந்துவிட்டது, அரசு ஆஸ்பத்திரிகளுக்கான மருந்தையெல்லாம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சுகர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் வழியாக வாசலுக்கே வருகிறது, காசு கிடையாது. நான் டாலரில் பிரீமியம் கட்டியும் இந்த வசதி எனக்கு இல்லை!

நாடு முழுக்க எடுத்தாலும், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசாகக் கொடுப்பது 2013-14ல் 64.2 சதவீதம், 2021-22ல் 39.4. முன்னேற்றம்தான். ஆனால் இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று தெரிந்தால் தனியார் பில் சும்மா இருக்குமா? அடுத்த வருஷ பிரீமியத்தில் அது நம்மிடமே திரும்பி வரும்.

பெற்றோருக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறவர்கள் பேக்கேஜில் எது சேரும், எது சேராது என்று எழுதியே வாங்கிவிடுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் அன்று வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டும் 'கேஷ்லெஸ்' முறையில், டிஸ்சார்ஜுக்கான ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி தர வேண்டும் என்று 2024ல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. காலையில் போகலாம் என்றவர்கள் எங்களை விட்டது விளக்கு வைக்கிற நேரத்தில். இந்த விதியைச் சொன்னதற்கு கவுண்டர் பெண் சிரித்துக்கொண்டே, "அப்ரூவல் வரட்டும் சார், உட்காருங்க" என்றாள்.