புதிய கார்புரேட்டர் என்று 38,500 ரூபாய் வாங்கினார்கள், பூட்டித் தந்தது என் பழையதையே

பழைய மாருதி ஜிப்சி ஜீப் வைத்திருப்பவர்கள் வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 38,500 ரூபாய் போய்விட்டது. கொண்டுபோய் விட்டதைவிட மோசமான நிலையில் வண்டி திரும்பி வந்திருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், ஆறிவிட்டால் எழுதமாட்டேன்.

என்னுடையது 1997 மாடல் ஜிப்சி கிங், 1,298 சிசி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. 2000க்குப் பிறகு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினோடு (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் மூலம் பெட்ரோலைப் பீச்சுவது) வந்த ஜிப்சிகளுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஏர் ஃபில்டர் பக்கம் 'டப்' என்று வெடிக்கும். காலை எடுத்தால் இன்ஜின் இரண்டு முறை உதறிவிட்டு அணைந்துபோகும். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்னால் அரசுப் பேருந்து ஹார்ன் அடித்துக்கொண்டிருக்க, நட்டநடுவில் நின்றபோதுதான் இனித் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது.

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பட்டறை அது. பெயரை எழுதப்போவதில்லை, புகார் கொடுக்கவிருப்பதால். வாசலில் வரிசையாக ஜீப்புகள், ஜிப்சிகள். உரிமையாளர் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து அதன் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். "முனை வெள்ளையாக இருக்கிறது, பாருங்கள் சார். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம். அதனால்தான் கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது" என்றார்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை! என் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே இதுதான். ஒன்றும் தெரியாதவன் ஏமாற்றினால் ஒரு கேள்வியில் பிடித்துவிடலாம். இவருக்குத் தொழில் தெரியும். கோளாறைச் சரியாகச் சொல்லி நம்ப வைத்துவிட்டு, காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னார். கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் ஷாஃப்ட் தேய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறதாம். ரிப்பேர் கிட் போட்டாலும் பயனில்லையாம். "இந்த மாடலுக்குப் புது கார்புரேட்டர் இப்போது எங்கேயும் கிடைக்காது சார். தெரிந்தவர் ஒருவரிடம் பெட்டி பிரிக்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் என்பதால் கேட்டுப் பார்க்கிறேன்." கார்புரேட்டர், இக்னிஷன் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்) மூடி, பிளக் ஒயர்கள், கூலி எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். முன்பணம் 20,000 அங்கேயே கைப்பேசியில் அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. தனியாக வரும் சார், எதற்கு வீண்செலவு?" என்று துண்டுக் காகிதத்தில் தொகையை எழுதித் தந்தார்.

வண்டியை மாலையில்தான் கொடுத்தார்கள். நான் போனபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நன்றாகச் சூடேறியும் இருந்தது. ஐடிலிங் சத்தம் (ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் சத்தம்) வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. "புது கார்புரேட்டர் செட் ஆகும்வரை அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை. மீதி 18,500 ரூபாயையும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சாவியைத் திருப்பினால், இக்னிஷன் அணைந்த பிறகும் இன்ஜின் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது! மறுநாள் காலை, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் அதே 'டப்'. வாசலைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டது.

அவர்கள் செய்த வேலை எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஐடிலிங் ஸ்க்ரூவை முறுக்கி த்ராட்டிலைச் சற்றுத் திறந்தே வைத்துவிட்டார்கள். டிஸ்ட்ரிபியூட்டரையும் திருப்பி டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) முன்னால் தள்ளியிருக்கிறார்கள், அதனாலும் ஐடிலிங் ஏறும். காற்று கசிகிற இடம் அப்படியே இருக்கும், ஆனால் காலை எடுத்தாலும் இன்ஜின் அணையாது. காய்ச்சல்மானியைக் குளிர்ந்த நீரில் முக்கி எடுத்து, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று காட்டுகிற வைத்தியம். த்ராட்டில் திறந்தே இருப்பதால் சாவியை அணைத்த பிறகும் பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகிறது, உள்ளே சூடேறிய இடங்களில் பட்டுத் தானாகப் பற்றுகிறது. அணைக்க அணைக்க ஓடியது அதனால்தான்.

தொலைபேசியில் கேட்டால் முதல் பதில், "பெட்ரோல் சரியில்லை சார், இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள்." இதிலும் பாதி உண்மை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை இன்னும் மெலியும், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயஃப்ரமும் கெட்டுப்போகலாம். ஆனால் 38,500 ரூபாய் வாங்கும்வரை அந்த எத்தனால் எங்கே போயிருந்தது? அடுத்த பதில், பையனை அனுப்புகிறேன். பையன் வரவில்லை. பிறகு முதலாளி வெளியூர். பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேரில் போய் நின்றால், "நன்றாகத்தானே ஓட்டிக்கொண்டு போனீர்கள்? இடையில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். ஸ்க்ரூ டிரைவரில் காது வைத்துக் கேட்ட அதே மனிதர், வண்டியின் பானெட்டைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை.

எங்கள் பகுதியில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், பட்டறையை மூடிவிட்டு ஓய்வில் இருப்பவர். கெஞ்சி அழைத்து வந்தேன். இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஓர் இடத்தில் பட்டதும் இன்ஜினின் சத்தம் சட்டென்று மாறியது. காற்று நுழையும் இடம் அதுதான். (சூடான இன்ஜினில் இதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும்.) கழற்றினால் அடிக் கேஸ்கெட் (இடுக்கில் காற்று புகாமல் அடைக்கும் தகடு) கிழிந்திருக்கிறது, கிழிசலை மறைக்க சீலன்ட் பூசியிருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயின் நுனி வெடித்திருக்கிறது. தேய்ந்துவிட்டதாகச் சொன்ன த்ராட்டில் ஷாஃப்டில் துளி ஆட்டம் இல்லை. கார்புரேட்டர் மேல்மூடியில், முன்பு ஒருமுறை ஸ்க்ரூ தொலைந்து அதற்குப் பதிலாகப் போட்ட பித்தளை ஸ்க்ரூ பளபளவென்று சிரிக்கிறது! என்னுடைய அதே கார்புரேட்டர். தின்னரில் கழுவிப் பூட்டியிருக்கிறார்கள். கேஸ்கெட்டும் குழாயும் மாற்றி, டைமிங் லைட் வைத்து டைமிங்கைச் சரிசெய்ய ஆன செலவு சில நூறு ரூபாய். வண்டி இப்போது ஓடுகிறது.

பேக் ஃபயர் என்கிற இந்த 'டப்' வெடிப்பைப் பற்றி விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனமில்லை. வெடிப்பு கார்புரேட்டர் பக்கமா, சைலன்சர் பக்கமா என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கார்புரேட்டர் பக்கம் என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு, டைமிங், இன்டேக் வால்வு. சைலன்சர் பக்கம் என்றால் எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, பிளக்கையும் ஒயரையும் சைலன்சர் குழாயின் ஓட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். விலையுள்ள எந்த உதிரிபாகத்திலும் வண்டியை விடும் முன்பே யாருக்கும் தெரியாமல் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள். கழற்றிய பழையதைக் கையில் வாங்காமல் மீதிப் பணம் தராதீர்கள். வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எடுங்கள். பில் கட்டாயம். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். பணம் அனுப்பிய பதிவும் அந்தத் துண்டுக் காகிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

புகார் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் பட்டறைக்காரரிடமிருந்து இன்று காலை செய்தி வந்தது. எங்கேயும் எதுவும் எழுதாமல் இருந்தால் 3,000 ரூபாய் திருப்பித் தருகிறாராம். 38,500க்கு 3,000. முடியாது என்று பதில் அனுப்பிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.