காட்கிலின் கட்டமா, கஸ்தூரிரங்கனின் கிராமமா?

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது எப்படி என்று மத்திய அரசு அமைத்த இரண்டு குழுக்கள் அறிக்கை தந்தன. மலை என்று பேச்செடுத்தாலே, காட்கில் அறிக்கை நல்லது, கஸ்தூரிரங்கன் அறிக்கை சமரசம் என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் உண்மையான சண்டை வேறு இடத்தில் இருக்கிறது: பாதுகாப்பு எல்லைக் கோட்டை எதைப் பார்த்துப் போடுவது, போடுகிற கை யாருடையது?

சூழலியலாளர் மாதவ் காட்கிலின் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. சுமார் 1,29,000 ச.கி.மீ. மலை முழுவதுமே சூழல் கூருணர்வுப் பகுதி, அதாவது கட்டுப்பாடு போட்டுக் காக்க வேண்டிய இடம் என்றது. வரைபடத்தை ஏறக்குறைய 9 கி.மீ.க்கு 9 கி.மீ. கட்டங்களாக வெட்டி, சரிவு, உயரம், அரிய உயிரினம் என்று மதிப்பெண் போட்டு, மூன்று மண்டலமாகப் பிரித்தது. முதல் மண்டலத்தில் புதிய சுரங்கம் கூடாது, பெரிய அணை கூடாது, பூச்சிக்கொல்லியை 5 ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும். இடுக்கியில் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர் காதில் அந்தக் கடைசி வரி எப்படி விழுந்திருக்கும்!

இறுதி எல்லையைக் கிராம சபைகளைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் காட்கில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், மக்களைக் கேட்கச் சொன்ன அந்த அறிக்கையே மக்கள் கைக்கு வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. அதற்குள் வதந்தி மலையேறி இறங்கிவிட்டது. இன்னொரு குறையும் உண்டு. கட்டத்துக்கும் நிர்வாக எல்லைக்கும் பொருந்தாததால், தற்காலிகமாகத் தாலுகாவுக்கு ஒரு மண்டலம் என்று போட்டார்கள். சோலைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஒரே நிறம்.

2013 ஏப்ரலில் வந்த கஸ்தூரிரங்கன் அறிக்கை இந்த இடத்தில் கெட்டி. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் அல்லவா, செயற்கைக்கோள் படத்தில் தொடங்கினார். மலையின் பரப்பை 1,64,280 ச.கி.மீ. என்று கணக்கிட்டு, அதில் 37 சதவீதத்தை, அதாவது சுமார் 60,000 ச.கி.மீ.யை மட்டும் கூருணர்வுப் பகுதியாக எடுத்தது. அலகு வருவாய்க் கிராமம். கிராமத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ அப்படிப்பட்ட நிலம் இருந்தால் அது பட்டியலில் சேரும். தாசில்தாருக்குப் புரிகிற மொழி இதுதான்.

ஆனால் அளவுகோலைப் பாருங்கள். காடு அதிகம் துண்டாகாமல் இருக்க வேண்டும், ஆள் நெருக்கம் ச.கி.மீ.க்கு 100 பேருக்குள் இருக்க வேண்டும். தோட்டமும் வயலும் ஊரும் தனிக் கணக்கு, 'பண்பாட்டு நிலப்பரப்பு'.

வால்பாறை புதுத்தோட்டத்தில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். தலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய தொங்குபாலத்தில் சோலைமந்தி குட்டியோடு சாலையைக் கடக்கிறது. கீழே பஸ் ஹாரன். அந்த மந்திக் கூட்டத்தின் சோலைத்துண்டு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றிலும் காபி, தேயிலை. ராத்திரியில் அதே தேயிலைக்குள் புகுந்துதான் யானை அடுத்த துண்டுக்குப் போகிறது. துண்டான காட்டைக் கழித்துப் பார்க்கிற கணக்கில் இந்த வழி எங்கே வரும்? பல்லுயிர் என்று பார்த்தால் என் ஓட்டு காட்கிலுக்குத்தான். பூச்சிமருந்துக் கெடுவை மட்டும் அவர் விவசாயியோடு உட்கார்ந்து பேசி வைத்திருக்கலாம்.

சரி, தமிழ்நாட்டில் இன்றைக்கு நடைமுறையில் இருப்பது எது? 1990இல் வந்த ஹாக்கா (HACA), அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம். பட்டியலில் உள்ள மலைக் கிராமத்தில் லேஅவுட் போட வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று தடையின்மைச் சான்று வாங்கி அலைய வேண்டும். பல் இருக்கிற ஏற்பாடுதான். ஆனால் பெரும்பாலும் மனை மனையாகப் பார்க்கும். பத்து மனை சேர்ந்தால் யானை எந்தப் பக்கம் திரும்பும் என்ற கேள்வி தனித்தனி ஃபைலில் எழாது.

காட்கில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒதுக்கினார்கள். ஒத்துவரும் என்ற கஸ்தூரிரங்கனோ 2014 முதல் வரைவு அறிவிக்கையாகவே வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜூலை 30 அதிகாலை நிலச்சரிவில் கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்ணுக்குள் போயின. கோடு போட்டிருந்தால் மலை நின்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊர்கள் இருக்கும் வைத்திரி தாலுகா காட்கிலின் முதல் மண்டலத்தில் இருந்தது. அவை அடங்கிய வெள்ளரிமலை வருவாய்க் கிராமம் கஸ்தூரிரங்கன் வழி வந்த ஆறாவது வரைவிலும் இருக்கிறது. அந்த வரைவின் தேதி 2024 ஜூலை 31. ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்க 60 நாள் அவகாசம்.