இருபது வருடம் தவில் பையில் கிடந்த ஐரிவர்

தவிலின் வலது பக்கத் தோலான வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழுகிற சத்தத்தை எந்தப் பாட்டுப் பெட்டி ஒழுங்காகப் பிடிக்கிறதோ, அதுதான் எனக்கு நல்ல பெட்டி. கூடு என்பது துணியில் பசை தடவி, சுற்றி, காயவைத்து விரலில் மாட்டிக்கொள்வது. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும். அது தோலில் பட்டதும் ஒரு ‘தக்’. பட்டது தெரிவதற்குள் முடிந்துவிடும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள கோயில்களில் வாசித்துப் பிழைப்பவன் நான். கேட்பதற்கும் பதிவு செய்வதற்கும் என்னென்னவோ வாங்கிப் பார்த்தாயிற்று. இன்றும் தவில் பையின் பக்க அறையில் கிடப்பது ஐரிவர் ஐஎஃப்பி-790 என்ற எம்பி3 பெட்டி ஒன்றுதான்.

2005-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 256 எம்பி நினைவகம், எஃப்எம் ரேடியோ, தன்னுள்ளேயே ஒரு மைக், வெளியிலிருந்து சத்தத்தை வாங்க லைன்-இன் துளை. முகப்பில் ஒரு சின்னக் குமிழ். பெரும்பாலான வேலைக்கு அதைத் தள்ளினாலும் அழுத்தினாலும் போதும். மாமா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னடா தம்பி இது, பீடிக்கட்டு மாதிரி இருக்கு?” என்றார். மாமாதான் எனக்கு வாத்தியார். அவர் கையைக் கேட்கவே பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்த காலம் உண்டு.

இந்தப் பெட்டியின் மதிப்பு புரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்து நிலவரம் தெரிய வேண்டும். சட்டைப்பையில் போடுகிற எம்பி3 பெட்டி முதலில் கடைக்கு வந்தது 1998-ல். கொரியாவிலிருந்து எம்பிமேன், பின்னாலேயே அமெரிக்காவில் டயமண்ட் ரியோ. ரியோவின் விலை 200 டாலர், நினைவகம் 32 எம்பி. நல்ல தரத்தில் அரை மணி நேரப் பாட்டுதான் பிடிக்கும். ஒரு ராக ஆலாபனைக்கே போதாது. அதையும் விற்கக் கூடாது என்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வழக்குப் போட்டு, 1999-ல் மேல்முறையீட்டில் தோற்றது. 2001 அக்டோபரில் 5 ஜிபி தட்டோடு ஐபாட் வந்தது. ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தார்கள்.

பெட்டிகள் பெருகியதைப் போலவே, பாட்டைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறையான ஃபார்மட்டும் பெருகியது. சோனிக்கு மினிடிஸ்க் வந்த 1992-லிருந்தே அட்ராக். மைக்ரோசாஃப்டுக்கு டபிள்யூஎம்ஏ. ஆப்பிள் 2003-ல் திறந்த பாட்டுக்கடையில் ஏஏசி, அதற்கு மேல், கண்ட பெட்டியில் பாடவிடாத ஒரு பூட்டு. காப்புரிமைக் கட்டணம் எதுவும் இல்லாத ஆக் வார்பிஸ் 2002-ல் முழு வடிவத்துக்கு வந்தது. எம்பி3 ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வகத்தில் உருண்டு திரண்டது. அதற்கும் காப்புரிமை இருந்தது, 2017-ல்தான் உரிமம் விற்பதை நிறுத்தினார்கள். ஆனாலும் எம்பி3 கோப்பில் பூட்டு கிடையாது. எந்தப் பெட்டியில் போட்டாலும் பாடும். என் குடும்பத்துக்கு அந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரியது என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் அண்ணன் ஒருவன் 2003 வாக்கில் வேறொரு பெட்டி வாங்கியிருந்தான். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மாமா இளவயதில் வாசித்த மூன்று கேசட்டைக் கணினியில் ஏற்றி, அந்தப் பெட்டியின் மென்பொருள் சொன்னபடி அவர்களுடைய ஃபார்மட்டுக்கு மாற்றினான். பாட்டும் அந்தக் கணினியும் பெட்டியும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டபடி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? “அதான் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே” என்று கேசட்டைப் பரணில் போட்டோம். மழைக்காலத்தில் நாடாவெல்லாம் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் கணினி படுத்தது. சரிபார்க்க வந்தவர் எல்லாவற்றையும் அழித்து மறுபடி ஏற்றிக் கொடுத்தார். கோப்புகளை வேறு தட்டில் எடுத்து வைத்திருந்தோம், எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை. உரிமம் இல்லை என்று திரையில் வந்தது. யார் வாசிப்புக்கு யார் உரிமம் கொடுப்பது? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் ஐரிவர் கைக்கு வந்ததும் முதல் வேலையாக மாமாவைப் பதிவு செய்தேன். அந்த வருடச் சித்திரைத் திருவிழா. சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் தொடக்க வாசிப்பான அலாரிப்பு, அடுத்து கம்பீர நாட்டை ராகத்தில் புறப்பாட்டு வாசிப்பான மல்லாரி. பெட்டியின் மைக்கை நம்பித் தவிலுக்கு ஐந்தடி தள்ளி வைத்தேன். பாழ். அடி விழுகிற இடமெல்லாம் சத்தம் நொறுங்கியிருந்தது. இதில் பெட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சைப் பிடிக்க வைத்த பொடி மைக் அது, தவிலின் பக்கத்தில் நிற்காது. மறுநாள் மண்டபக் கச்சேரிக்கு மைக்செட் தம்பியிடம் சொல்லி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து லைன்-இன்னில் சொருகினேன். அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். கணினியே இல்லாமல், வாசிக்க வாசிக்க உள்ளே எம்பி3 ஆகவே எழுதிக்கொண்டது. நொடிக்கு 128 கிலோபிட் அளவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி. 256 எம்பியில் நாலு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இனி தவில்காரன் காதுக்குத் தெரிந்த சங்கதி ஒன்று. சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் போகிறது. அதை 128 ஆக்குவது என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. காது கவனிக்காது என்று கணக்குப் போட்டு மற்றதைக் கழிக்கிறார்கள். நாகஸ்வரம் நீளமாக நிற்கும்போது இந்தக் கணக்குப் பெரும்பாலும் செல்லும். தவிலில் இடிக்கும். எம்பி3 சத்தத்தைத் துண்டு துண்டாக எடுத்து வேலை செய்கிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 26 மில்லிசெகண்ட். துண்டின் நடுவில் திடீரென்று அடி விழுந்தால், கழித்ததால் வருகிற இரைச்சல் துண்டு முழுக்கப் பரவும். அடிக்கு முன்னாலேயே ஒரு ‘ஸ்’ கேட்கும். இதைத் தடுக்க அடி வருகிற இடத்தில் துண்டைச் சின்னதாக்கும் ஏற்பாடு எம்பி3-க்குள்ளேயே உண்டு. அதை எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறது என்பது சுருக்குகிற மென்பொருளைப் பொறுத்தது. இந்தக் குறையைச் சோதிக்க மேல்நாட்டில் காஸ்டனெட் வைத்துப் பார்ப்பார்களாம். நம்ம ஊர்ச் சப்ளாக்கட்டையின் சொந்தக்காரன் போல ஒரு கருவி அது. தவிலில் முடிப்புக்கு வாசிக்கிற ஒரு தீர்மானத்தைக் கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிவு தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

மாமாவின் பதிவை ஹெட்ஃபோனில் பலமுறை கேட்டுவிட்டேன். மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ர நடையில் போகிற இடத்தில் ஒவ்வொரு தாளச் சொல்லும் தனித்தனியாக நிற்கிறது. இடது பக்கத் தோலான தொப்பியில் கழி விழுகிற ‘தொம்’ முழுசாக இருக்கிறது. மேலே ஜால்ராவின் மினுமினுப்புதான் கொஞ்சம் மங்கல். பிறகு 192-க்கு ஏற்றிப் பதிவு செய்ததில் அதுவும் தெளிந்தது. 64-க்கு இறக்கினால் எந்த ஃபார்மட்டும் வேண்டாம். ஜால்ரா தண்ணீருக்குள் அடிக்கிற மாதிரி ஆகிவிடுகிறது. சிடியிலிருந்து எடுத்த ஒரே மல்லாரியை ஒரே அளவில் எம்பி3 ஆகவும் ஆக் வார்பிஸ் ஆகவும் மாற்றி இதில் போட்டுக் கேட்டேன் (இரண்டும் பாடும்). என் காதுக்கு ஆக் ஒரு படி மேல். இருந்தும் பசங்களுக்குக் கொடுப்பது எம்பி3-தான், எல்லார் போனிலும் பாட வேண்டுமே.

அடுத்து பேட்டரி. உள்ளே அடைத்த பேட்டரி கிடையாது, ஒரே ஒரு பென்டார்ச் பேட்டரி. 40 மணி நேரம் பாடும் என்று நிறுவனம் சொன்னது. பத்து நாள் திருவிழாவில் ராத்திரி ராத்திரி பதிவும் கேட்பதுமாக எனக்கு இரண்டு பேட்டரி செலவாகும். கரண்ட் நாள்கணக்கில் போய் வந்த வருடங்களில் சார்ஜ் போடுகிற பெட்டி வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். எனக்குக் கோயில் வாசல் பெட்டிக்கடை போதும். இன்றும் அந்தப் பேட்டரி கிடைக்கிறது என்பதால்தான் இந்தப் பெட்டி இன்றும் உயிரோடு இருக்கிறது.

கணினியோடு பேசுவதற்கு மட்டும் அவர்களுடைய மென்பொருள் வேண்டும். நான் ஒரு பழைய மடிக்கணினியை இதற்காகவே வைத்திருக்கிறேன். பென் டிரைவ் போல நேராகத் திறக்க வைக்கிற ஃபர்ம்வேரும் (பெட்டிக்குள்ளேயே ஓடுகிற மென்பொருள்) வந்தது, கணினி தெரிந்தவர்கள் அதை ஏற்றிக்கொண்டார்கள்.

பழைய சாமான் விற்கிற இடத்தில் இது கிடைத்தால், முதலில் பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். வாங்கினால் பேட்டரியை உள்ளேயே விட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் உங்கள் போனே போதும். வாத்தியார் வாசிப்பைப் பிடித்து வைக்க நினைக்கிற பிள்ளைகளுக்கு இதை மனதாரச் சொல்வேன், லைன்-இன் ஒயரோடு சேர்த்து வாங்குங்கள்.

மாமா 2006 தை மாதம் போய்விட்டார். அவர் கை இப்போது இருப்பது அந்தத் திருவிழாவில் பிடித்த மூன்றே முக்கால் மணி நேரத்தில் மட்டும். அதை எட்டு இடத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். போன வாரம் என் மகள் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டிப் பார்த்தாள். இரண்டாவது சுற்றில் கை சரியாக விழுந்தது.