மலைக்குளிரில் பைக்: கிளவுஸா, ஹேண்டில் கவரா, சூடாகும் கிரிப்பா?

டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் விடியற்காலையில் பைக் எடுப்பவர்களுக்கு முதலில் விறைத்துப்போவது விரல்நுனிதான். தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் நாட்களில் தரையோரக் குளிர் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிடும். 5 டிகிரிக் குளிரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று நேராக அடிக்கும் தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி மாதிரி இருக்கும். விரல் மரத்துவிட்டால் பிரேக் லிவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அதைவிட மோசமான நிலை வேறில்லை.

கடையில் போய்க் கேட்டால் தடித்த கிளவுஸைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். என் கணக்கு வேறு. முதலில் காற்றை நிறுத்த வேண்டும், சூடேற்றுவதெல்லாம் அப்புறம்.

கம்பளிக் கிளவுஸை எடுத்துக்கொள்வோம். ஊட்டியில் திபெத்தியர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். நடந்து போக அருமையானது. வண்டியில் ஏறினால் பின்னலின் ஓட்டைகள் வழியே காற்று நேராக உள்ளே வந்துவிடும். அதே கம்பளியின் மேல் காற்றுப் புகாத மெல்லிய உறை ஒன்றைப் போட்டுப் பாருங்கள், நிலைமையே மாறிவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் ரப்பர் கிளவுஸைக்கூட மேலே இழுத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்கு அது போதும். அதற்கு மேல் போனால் உள்ளே வியர்த்து ஈரமாகி, அந்த ஈரமே குளிரத் தொடங்கும்.

குளிர்காலத்துக்கென்றே தைத்த ரைடிங் கிளவுஸ் காற்றையும் நிறுத்தும், விழுந்தால் கையையும் காக்கும். ஆனால் பஞ்சு தடிக்கத் தடிக்க கிளட்ச், பிரேக் இரண்டிலும் கைக்குத் தெரியும் அழுத்தம் மங்கும். அளவு இறுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். விரலில் ரத்த ஓட்டம் குறைந்து, மெல்லிய கிளவுஸில் இருப்பதைவிட அதிகமாகக் குளிரும். மழையில் இன்னொரு தொல்லை: நனைந்த கையை உருவும்போது உள்துணி பிடுங்கிக்கொண்டு கூடவே வந்துவிடும், திரும்ப விரலை நுழைப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் ஒரே தடித்த ஜோடியைவிட, மெல்லிய உள்கிளவுஸும் கொஞ்சம் தாராளமான வெளிக்கிளவுஸுமாக இரண்டடுக்கு வாங்குவதே நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,900 மீட்டர் ஏறிவிடுகிறோம். கீழே ஒன்றைக் கழற்றி வைக்கலாம், குன்னூர் தாண்டினதும் போட்டுக்கொள்ளலாம்.

இனி ஹேண்டில் கவர். டெல்லி, லக்னோ பக்கம் குளிர்காலத்தில் எத்தனையோ பைக்குகளில் இதைப் பார்க்கலாம். கைப்பிடி, லிவர், சுவிட்ச் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு நிற்கும் தடித்த உறை. கையை அதற்குள் நுழைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, நம் ஊர்ப் பையன்கள் மாட்ட யோசிப்பதும் அதனால்தான். சூட்டைப் பொறுத்தவரை, காசுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. உள்ளே மெல்லிய கிளவுஸ் போதும், அதனால் லிவரின் அழுத்தமும் கைக்கு நன்றாகத் தெரியும். மழைக்கும் தடுப்பு. தினமும் விடியலில் பால், காய்கறி ஏற்றிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். உறை தொளதொளவென்று இருந்தால் வேகத்தில் காற்று அதைத் தள்ளி பிரேக் லிவர்மேல் அழுத்தும். பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே வரும், பின்விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். முன்பக்கம் விறைப்பாக நிற்கும் உறைதான் வேண்டும், அல்லது முதலில் ஹேண்ட்கார்டு, அதாவது கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பை மாட்டி, அதன்மேல் உறையைப் போட வேண்டும். மாட்டினதும் ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் தானே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இண்டிகேட்டர், ஹாரன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இரண்டு நாள் விரலைப் பழக்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஹேண்ட்கார்டு மட்டும் போதாதா என்று கேட்பார்கள். விரல்மேல் நேராக அடிக்கும் காற்றை அது திருப்பிவிடும், ஓரங்களில் சுற்றி வருவதைத் தடுக்காது. 12, 13 டிகிரிக் குளிருக்கு அது சரி.

வண்டியின் மின்சாரத்தில் சூடாகும் கிரிப் (கைப்பிடி) சுற்றுலா ரைடர்களின் கனவு. சுவிட்சைத் தட்டினால் உள்ளங்கை இதமாகும், கிளவுஸ் தடிக்க வேண்டியதில்லை. ஆனால் சூடு உள்ளங்கைக்கு, காற்று அடிப்பதோ புறங்கைக்கு. திறந்த கைப்பிடியில் இதை மட்டும் மாட்டினால் உள்ளங்கை கொதிக்கும்போதே விரல்நுனி மரத்திருக்கும். ஹேண்ட்கார்டோடு சேர்த்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். ஒரு ஜோடி ஏறத்தாழ 30 முதல் 40 வாட் இழுக்கும். பெரிய வண்டிக்கு அது பொருட்டே இல்லை. 100 சிசி வண்டியில் மெதுவாக ஓடும்போது பேட்டரியைத் தின்றுவிடும். சாவியை அணைத்தால் கிரிப்பும் அணையும்படி ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்) வைத்து வயர் இழுக்கச் சொல்லுங்கள். வலது கிரிப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் குழாய் இருக்கிறது, இடது கிரிப் நேராக இரும்பு ஹேண்டில்மேல் உட்காருகிறது. அதனால் இடது பக்கச் சூடு இரும்பில் இறங்கிக் கொஞ்சம் குறைவாகத் தெரிவது பல வண்டிகளில் வழக்கம். பழுது என்று பிரிக்க வேண்டாம்.

பேட்டரியில் சூடாகும் கிளவுஸில் கம்பிகள் பெரும்பாலும் புறங்கையிலும் விரல்களிலும் ஓடும், அது நல்லது. முழுச்சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். விலையும் சார்ஜ் போடும் வேலையும் தினசரிக்கு ஒத்துவராது. கையைச் சூடாக்க விற்கும் இரும்புத்தூள் பொட்டலங்கள் காற்றுபட்டால்தான் சூடாகும், இறுக்கமான கிளவுஸுக்குள் அடைத்தால் சோர்ந்துவிடும். அவசரத்துக்கு ஹேண்டில் கவருக்குள் போட்டுக்கொள்ளலாம், வெறும் தோலில் படக் கூடாது.

எதை மாட்டினாலும் நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால் உடம்பு கைக்கு அனுப்பும் ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். காற்றுப் புகாத ஜாக்கெட்டும் கழுத்தில் ஒரு மஃப்ளரும் இல்லாமல் கைக்கு மட்டும் செலவழிப்பது வீண்.

நடுவழியில் விரல் மரத்துவிட்டால் ஓரமாக நிறுத்தி, கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சரைத் தொடுவதோ டீக்கடையில் சுடுதண்ணீர் வாங்கி ஊற்றுவதோ வேண்டாம், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளித்த பிறகுதான் தெரியும். லேசான குளிருக்கே ஒன்றிரண்டு விரல்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று மாறுகிறவர்கள் புதுக் கிளவுஸ் தேடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.