ஃபெல்ட்டுக்கு நீலம்: ஹைட்ரோஸா, சர்க்கரையா, தகரையா?

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. காரத் தண்ணீரில் ஆக்சிஜனைப் பறித்தால்தான் அது மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்து இழைக்குள் இறங்கும். காற்றுப் பட்டதும் மறுபடி நீலமாகி உள்ளேயே தங்கிவிடும். இது சாயம் போடுகிற எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஆக்சிஜனைப் பறிக்கும் வேலையை எதைக் கொண்டு செய்வது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. பருத்திக்கு ஹைட்ரோஸ், சர்க்கரை, தகரை என்ற மூன்று வழியும் சரிதான். கம்பளி ரோமத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து இறுக்கிய ஃபெல்ட் என்று வரும்போதுதான் வித்தியாசம் தெரியும். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகரைச் செடியின் விதை போட்டுப் புளிக்க வைக்கும் தாழி.

ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் என்ற ரசாயனத் தூள்) வழி எல்லாவற்றிலும் வேகமானது. 20 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் நீலக்கட்டியை வெந்நீர் விட்டு மைபோல அரைத்துச் சேர்த்து, 50 டிகிரிக்குச் சூடாக்கி, காரம் ஏற்றி, 40 கிராம் ஹைட்ரோஸை மேலே தூவி மெல்லக் கிளறினால், முக்கால் மணி நேரத்தில் தொட்டி தயார். 60 டிகிரியைத் தாண்டினால் ஹைட்ரோஸ் சிதைந்து வீணாகும். பருத்திக்குப் போடுவதுபோல இதில் காஸ்டிக் சோடா போடக் கூடாது. கம்பளியை அது கரைத்தே விடும். அமோனியாக் கரைசல் விட்டு, காரத்தின் அளவைச் சொல்லும் பி.எச். எண்ணை 9 முதல் 9.5 வரை நிறுத்தினால் ஃபெல்ட்டுக்குப் பழுதில்லை. ஒரே ஒரு பெரிய சுவர்த் தொங்கலை ஒரே நாளில் முடித்தாக வேண்டும் என்றால் இதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சை அடைக்கும் கந்தக நெடி உண்டு, காற்றோட்டம் கட்டாயம். ஈரம் பட்டால் ஹைட்ரோஸ் டப்பா சூடேறித் தீப்பற்றக்கூடும். தொட்டியும் சில நாளில் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹைட்ரோஸைப் புதிதாகப் போட வேண்டும்.

சர்க்கரைத் தொட்டி இன்று பட்டறை வகுப்புகளில் எல்லாரும் சொல்லித் தருவது. நீலம் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) மூன்று பங்கு. 20 லிட்டருக்கு 100, 200, 300 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். நெடி இல்லை, செலவு குறைவு, சாமான் எல்லாம் சமையலறைக்குப் பக்கத்தில் இருப்பவை. வெள்ளைச் சர்க்கரையைப் போட்டு ஏமாறாதீர்கள். அதற்கு ஆக்சிஜனைப் பறிக்கும் குணம் கிடையாது. வெல்லத்தில் கொஞ்சம் உண்டு, ஆனால் அளவு கூடுதலாக வேண்டும், நேரமும் பிடிக்கும். கனிந்து கறுத்த வாழைப்பழத்தை வேகவைத்து வடித்த சாறு நன்றாகவே வேலை செய்யும்.

இவ்வளவு நல்லதை வைத்துக்கொண்டு ஏன் தகரைக்குப் போக வேண்டும்? சுண்ணாம்பால்தான்.

சுண்ணாம்பு தண்ணீரில் கொஞ்சம்தான் கரையும், மிச்சம் அடியில் தங்கும். மேலே உள்ள காரம் குறையக் குறைய அடியில் இருப்பது கரைந்து அந்த இடத்தை நிரப்பும். அதனால் புதுத் தொட்டியின் பி.எச். 11, 12 என்றே நிற்கும், லேசில் இறங்காது. பருத்திக்கு இது வரம். கம்பளி ரோமமோ நம் தலைமுடி மாதிரிப் புரதம். அதைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளைக் காரம் அறுக்கும். முதலில் மஞ்சளடிக்கும், பிறகு சரசரவென்று சொரசொரக்கும், கடைசியில் விரலால் இழுத்தாலே இழை இற்றுவிடும். வெறும் நூல் என்றால் இரண்டு நிமிடம் முக்கி எடுத்துத் தப்பிக்கலாம். 5 மில்லிமீட்டர் தடித்த ஃபெல்ட்டுக்குள் சாயம் இறங்கப் பத்து நிமிடமாவது வேண்டும், அதுவும் நாலைந்து முக்கு. அத்தனை நேரமும் கம்பளி சுண்ணாம்புத் தண்ணீரிலேயே கிடக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. ஃபெல்ட் சோப்பில் பிறந்த பொருள். எத்தனை அலசினாலும் நடுவில் கொஞ்சம் சோப்பு ஒளிந்திருக்கும். சோப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்கு திரளும். உப்புத் தண்ணீரில் குளித்தால் வாளியில் படிகிறதே, அதே பிசுக்குதான். ஃபெல்ட்டுக்குள் அது திரண்ட இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு நீலத்தின் நடுவே சாம்பல் திட்டுகளாகத் தெரியும். மறுபடி முக்கினாலும் அந்தத் திட்டு மறையாது. நாள்பட்ட சர்க்கரைத் தொட்டியில் காரம் 10 பக்கம் இறங்கியபின் கம்பளி போடுகிறவர்கள் உண்டு. மெல்லிய ஃபெல்ட்டுக்கு அது ஒத்துவரலாம், தடித்ததற்கு நான் துணிய மாட்டேன்.

தகரைத் தாழி தென்னிந்தியச் சாயக்காரர்களின் பழைய வழி. நாட்டு மருந்துக் கடையில் தகரை விதை என்று கேட்டால் தருவார்கள். 100 கிராம் நீலத்துக்கு 100 கிராம் விதை என்று தொடங்கலாம். விதையை 2 லிட்டர் தண்ணீரில் தோல் வெடித்துக் கொழகொழவென்று பசை விடும்வரை வேகவைத்து, ஆறியபின் விதையோடு சேர்த்தே தாழியில் கொட்ட வேண்டும். இங்கே ஆக்சிஜனைப் பறிப்பது நுண்ணுயிர், அந்தப் பசைதான் அதற்குத் தீனி. பழைய முறையில் இதற்கும் சுண்ணாம்புதான் போட்டார்கள், அவர்கள் முக்கியது பருத்தியை. ஃபெல்ட்டுக்குச் சுண்ணாம்பை விட்டுவிட்டுச் சலவை சோடாவைக் கரைத்து, பி.எச். 10 வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பாத்திரம் பிளாஸ்டிக் டிரம்மோ எவர்சில்வரோ இருக்கட்டும். அலுமினியத்தைக் காரம் அரிக்கும். பூச்சில்லாத மண்பானையில் சோடா கசிந்து வெளிப்புறம் வெள்ளையாகப் பூக்கும்.

35 முதல் 40 டிகிரிச் சூடு போதும். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி நிழலே அதைத் தந்துவிடும். மார்கழியில் டிரம்மைச் சாக்கால் சுற்றி வைக்க வேண்டும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மேலே செம்பு மினுக்கலோடு ஆடை படியும், நடுவில் நீல நுரை கட்டும். கரண்டியால் ஆடையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் பாசிப்பச்சையாக இருக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் இன்னும் பொறுங்கள்.

பராமரிப்பு என்று பயமுறுத்துவார்கள். தினம் காலையில் ஒரு பி.எச். தாள், மாலையில் காற்றுப் புகாமல் அடிவரை ஒரு கிளறல், அவ்வளவுதான். புளிக்கப் புளிக்க அமிலம் சேரும். தாள் 9.5க்குக் கீழே காட்டினால் கொஞ்சம் சோடாக் கரைசல். 9க்குக் கீழே போகவிட்டால் அழுகல் நாற்றம் தொடங்கும், நீலமும் கரைசலில் நிற்காது. மாறாக 11ஐத் தாண்டினால் நுண்ணுயிர் தூங்கிவிடும். ஒரு கைப்பிடி கோதுமைத் தவிட்டைக் கஞ்சியாக்கி ஊற்றி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். சரியாகத் தீனி போட்டு வந்தால் மாதக்கணக்கில் ஓடும். நீலம் தீரும்போது நீலத்தை மட்டும் சேர்த்தால் போதும். முதல் தாழி ஒரே முயற்சியில் பிடிக்கும் என்று உறுதி தர முடியாது. நீலக்கட்டியின் சத்தும் கட்டிக்குக் கட்டி மாறும். திண்டிவனம் பக்கத்துக் கட்டியை வாங்கினாலும் சரி, ஒரு துண்டு நூலை முக்கிப் பார்த்துவிட்டுப் பெரிய வேலைக்குப் போவது நல்லது.

எந்தத் தொட்டியானாலும் ஃபெல்ட்டின் முதல் எதிரி அதற்குள் இருக்கும் காற்று. காய்ந்த ஃபெல்ட்டை அப்படியே இறக்கினால், உள்ளிருந்து குமிழி கிளம்பிப் பச்சைத் தொட்டியைக் கண்ணெதிரே நீலமாக்கிவிடும். முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீருக்குள் அமுக்கிப் பிழிந்து, குமிழி நின்றபின் எடுங்கள். பிழிந்த தண்ணீரில் நுரை வந்தால் சோப்பு மிச்சம் இருக்கிறது, மறுபடி அலசுங்கள். தாழியின் ஓரமாகச் சாய்த்து மெல்ல இறக்கி, அடி வண்டல் படாமல் வலைமேல் பத்து நிமிடம் வையுங்கள். தூக்கும்போது தண்ணீருக்குள்ளேயே பிழிந்துவிட்டுத் தூக்க வேண்டும். மேலேயிருந்து சொட்டும் ஒவ்வொரு சொட்டும் காற்றைக் கொண்டுபோகும்.

வெளியே எடுத்த ஒரு நிமிடத்தில் மேல்பரப்பு நீலமாகிவிடும். அதை நம்பி உடனே மறுமுக்குப் போடாதீர்கள். ஓரத்தை பிளேடால் கீறிப் பாருங்கள்: மேலே மில்லிமீட்டர் அளவு நீலத் தோல், உள்ளே இன்னும் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை விளிம்பிலிருந்து நடுவுக்கு நீலமாக மாறும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும் என்பது இதற்காகத்தான். அடர் நீலம் வேண்டுமென்று சாயத்தைக் கூட்டினால் மேலே மட்டும் அப்பிக்கொண்டு கையில் ஒட்டும். மெல்லிய சாயத்தில் ஆறேழு முக்கு போட்டதுதான் தேய்த்தாலும் நிற்கும். அரைக் கிலோ ஃபெல்ட் போட்டு எடுத்த தாழிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டால் மிச்சக் காரம் அடங்கி, கம்பளி பழைய மென்மைக்குத் திரும்பும்.

நீலத்தின் மேல் பச்சை வேண்டும் என்பவர்கள் முதலில் நீலத்தை முடித்துவிட்டுப் பிறகு படிகாரமும் சாமந்தியும் போடுங்கள். மஞ்சளை முதலில் ஏற்றினால் தாழியின் காரம் அதைக் கழற்றிவிடும். வெறும் பருத்தித் துணி மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தகரை வேலை எதுவும் தேவையில்லை, சர்க்கரைத் தொட்டியே போதும். ஆனால் மெல்லிய பருத்தித் துணிமேல் கம்பளியைப் பதித்த ஃபெல்ட்டாக இருந்தால், அதில் கம்பளி தாங்குகிற காரமே கணக்கு: மறுபடியும் தகரைதான், பருத்திப் பக்கம் நிறம் குறைவாகத் தெரிந்தால் இரண்டு முக்கு கூட.