ஹைக்கூ படிக்கட்டு: இடிப்பதா, பூட்டிவைப்பதா, திறந்துவிடுவதா?

ஹவாயின் ஓவாஹூ தீவில், கானெயோஹே ஊருக்குப் பின்னால் சுவர் போல எழும்பி நிற்கிறது கூலாவ் மலைத்தொடர். அதன் முகட்டை ஒட்டி 3,922 படிகள் ஏறுகின்றன. அவைதான் ஹைக்கூ பள்ளத்தாக்கின் படிக்கட்டு. உச்சியின் உயரம் கிட்டத்தட்ட 2,800 அடி. மேகத்துக்குள் நுழைந்து மறையும் அந்த ஏணிப்படிகளின் படம் உங்கள் கைப்பேசிக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும்.

1987 முதல் பொதுமக்கள் ஏறத் தடை. ஏறுகிறவர்கள் மட்டும் ஓய்ந்தபாடில்லை. அக்கம்பக்கத்தாரின் புகார்களால் சலித்துப்போய், 2021 செப்டம்பரில் ஹொனலுலு மேயர் ரிக் பிளாங்கியார்டி படிக்கட்டையே அகற்றிவிடுவது என்று முடிவெடுத்தார். 2024 ஏப்ரலில் அதற்கான ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 'ஹைக்கூ படிக்கட்டின் நண்பர்கள்' என்ற அமைப்பு நீதிமன்றத்துக்குப் போக, அதே ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வேலைக்குத் தடை விதித்தது. வழக்கு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், முன்னால் இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் படிக்கட்டின் வரலாறு கொஞ்சம். இரண்டாம் உலகப் போரின்போது, பசிபிக் கடலில் வெகுதொலைவில் இருக்கும் கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் செய்தி அனுப்ப அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு பெரிய வானொலி நிலையம் தேவைப்பட்டது. ஹைக்கூ பள்ளத்தாக்கு மூன்று பக்கமும் மலை சூழ்ந்த இடம். கோபுரம் கட்டுவதற்குப் பதிலாக மலைகளையே கோபுரமாக்கி, ஒரு முகட்டிலிருந்து எதிர் முகட்டுக்கு ஆன்டெனா கம்பிகளை இழுத்துக் கட்டினார்கள். அந்த வேலைக்காக 1942-இல் வைத்த மர ஏணிகள்தான் தொடக்கம்; உலோகப் படிகள் போருக்குப் பிறகு வந்தவை. பின்னாளில் கடலோரக் காவல்படை அங்கே கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் வழிகாட்டும் ஒமேகா வானொலி நிலையத்தை 1997 வரை நடத்தியது. அவர்கள் காலத்தில் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு யாரும் ஏறலாம். ஒரு தொலைக்காட்சித் தொடரில் படிக்கட்டைக் காட்டியதும் கூட்டம் பெருகியது, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வந்தது, 1987-இல் கதவு சாத்தப்பட்டது.

இடித்துவிடுவது

இடிக்கச் சொல்கிறவர்களை வரலாற்று உணர்வில்லாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. விடியலுக்கு முன் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அந்நியர்கள் வேலி தாண்டி உங்கள் வீட்டுக் கொல்லை வழியாக நடந்தால், நாய்கள் குரைத்தால், இறங்கி வருகிறவர்கள் உங்கள் தோட்டக் குழாயிலேயே சேற்றுக் காலைக் கழுவினால், நீங்களும் கடப்பாரையைத்தான் தேடுவீர்கள். நகர நிர்வாகத்துக்கும் கவலை உண்டு: யாராவது விழுந்தால் வழக்கு அதன் தலையில்தான் விழும்.

ஆனால் இடிப்பும் சும்மா நடப்பதில்லை. ஒப்பந்தத் தொகை 25 லட்சம் டாலர். நூற்றுக்கணக்கான ஏணித் துண்டுகளைக் கழற்றி ஹெலிகாப்டரில் கீழே கொண்டுவர வேண்டும். பாறையில் அடித்த ஊக்குகளைப் பிடுங்கிய இடத்தில் மண் சரியும், வெற்றிடத்தில் அயல்செடி முளைக்கும் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். கூலாவ் மாதிரி மழை கொட்டும் செங்குத்து மலையில் அதை வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. படிக்கட்டு போனாலும் உச்சி அங்கேயேதான் இருக்கும். மறுபக்கத்து மொவனலுவா பள்ளத்தாக்கிலிருந்தும் அதே உச்சிக்கு ஒரு பாதை இருக்கிறது. நாள் முழுக்க நடக்க வேண்டிய, சேறும் கயிறுமான முகட்டுப் பாதை அது. படம் எடுக்கிற ஆசை படிகளோடு சேர்ந்து கழன்று போகாது. ஒரு பகுதி அந்தப் பாதைக்கு இடம் மாறும். ஆக, இடிப்பு உறுதியாகத் தரும் லாபம் கானெயோஹே தெருக்களின் நிம்மதி. மீட்பு அழைப்புகள் நின்றுவிடும் என்ற வாக்குறுதியை நான் அவ்வளவாக நம்பவில்லை.

பூட்டி, காவல் போடுவது

பல ஆண்டுகளாக நடந்தது இதுதான். இருக்கிற வழிகளிலேயே மோசமானது என்று தயங்காமல் சொல்வேன். 2003 வாக்கில் 8,75,000 டாலர் செலவழித்துப் படிகளைப் பழுதுபார்த்தார்கள். திறக்கத்தான் அந்தச் செலவு. அடிவாரத்துக்கு எந்த வழியாகப் போவது என்பதில் உடன்பாடு வராததால் புதுப்பித்த படிக்கட்டு அப்படியே பூட்டிக் கிடந்தது. (எந்த ஊர் அரசாங்கமானாலும் இதில் மட்டும் வேறுபாடில்லை போல.) அப்புறம் 2015 புயலில் சில பகுதிகள் முறுக்கிக்கொண்டன. அத்துமீறினால் 1,000 டாலர் வரை அபராதம், அடிவாரத்தில் சம்பளக் காவலர்கள் என்று செலவு மட்டும் தொடர்ந்தது.

காவலர் இருப்பதால்தான் மக்கள் நள்ளிரவில் வருகிறார்கள். இருட்டில், ஈரப் படியில், உடைந்த இடத்தைத் தாண்டி ஏறுகிறார்கள். தெருவாசிக்கும் தூக்கமில்லை, ஏறுகிறவருக்கும் பாதுகாப்பில்லை, நகரத்துக்கு வருமானமில்லை.

திறந்து, கட்டுப்படுத்துவது

படிக்கட்டின் நண்பர்கள் கேட்பது இதை. கட்டணம், முன்பதிவு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு. நல்ல யோசனைதான், நடக்குமா என்பதற்கு மூன்று ஊர்களைப் பார்க்கலாம்.

ஸ்பெயினில் மலாகா அருகே காமினிடோ டெல் ரே. மின்நிலையத் தொழிலாளர்களுக்காக 1901 முதல் 1905 வரை மலையிடுக்கில் கட்டிய ஒடுக்கமான நடைபாதை அது, ஆற்றுக்கு மேல் சுமார் 100 மீட்டர் உயரத்தில். பராமரிப்பின்றி இற்றுப்போய், ஆட்கள் விழுந்து இறந்தபின் 2000-இல் அடைத்தார்கள். 2015 மார்ச்சில் புதுப் பாதை திறந்தது: பழையதை இடிக்காமல் அதற்கு மேலேயே புதிய பலகைப் பாதை, தலைக்கவசம், நேரம் குறித்த நுழைவுச்சீட்டு. பழைய பாதையின் சிதிலத்தைக் காலடியிலேயே பார்த்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் அது ஒருவழிப் பாதை. ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறி, பேருந்தில் திரும்பலாம். ஹைக்கூவில் ஏறிய வழியேதான் இறங்க வேண்டும். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் அங்கே வரும் கூட்டத்தில் சிறு பங்கைத்தான் இங்கே ஏற்ற முடியும், வருமானக் கணக்கையும் அப்படியே போட வேண்டும்.

கொலராடோவின் மானிட்டூ இன்க்லைன் இன்னும் நெருங்கிய சொந்தம். 1907-இல் போட்ட இழுவை ரயில் பாதை, 1990-இல் பாறைச் சரிவோடு மூடப்பட்டது. தண்டவாளம் போய்க் கட்டைகள் மட்டும் படிகளாக நிற்க, மக்கள் ஆண்டுக்கணக்கில் திருட்டுத்தனமாக ஏறினார்கள். நிலம் பல உரிமையாளர்களிடம் சிதறிக் கிடந்தது. அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்து, 2013 பிப்ரவரியில் சட்டப்படி திறந்தார்கள். 2020-இல் இலவச முன்பதிவும் வந்தது. நிலச் சிக்கல் தீரக்கூடியது என்பதற்கு இது சாட்சி. ஒரு வேறுபாடு: மானிட்டூ ஏற்கெனவே சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழும் ஊர். கானெயோஹேயில் படிக்கட்டின் கீழே இருப்பவை குடும்பங்கள் வாழும் வீடுகள்.

எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது ஹவாய்க்குள்ளேயே, கவாய் தீவின் ஹாயேனா பூங்கா. சாலையோரம் முழுக்க கார், ஊர்க்காரர் வீட்டை விட்டு நகர முடியாத நிலை. 2018 ஏப்ரல் வெள்ளத்தில் சாலை துண்டிக்கப்பட்டது. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, 2019-இல் திறந்தபோது நாளுக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். ஹவாய்க்கு வெளியிலிருந்து வருகிறவர் முன்பதிவு செய்தாக வேண்டும். தொலைவில் இறங்கிப் பேருந்தில் வரலாம். தெருவைக் காப்பாற்றியது அந்த வரம்பும் பேருந்தும்தான்.

கீழ்ப்பகுதிப் படிகளை மட்டும் நினைவுச் சின்னமாக விட்டு மேலே இருப்பதை அகற்றலாம் என்ற நடுவழியும் கற்பனைக்கு எட்டும். ஏறவும் முடியாது, கூட்டமும் குறையாது. அதை விட்டுவிடலாம்.

நான் எதன் பக்கம்?

திறப்பதன் பக்கம், ஆனால் ஹாயேனா மாதிரியில். குடியிருப்புத் தெருவில் ஒரு கார்கூட நிற்கக் கூடாது. ஏறுகிறவர் அனைவரும் பள்ளத்தாக்கின் மேலே ஓடும் எச்-3 நெடுஞ்சாலைப் பக்கமிருந்தோ வேறு பொது நிலத்திலிருந்தோ பேருந்தில் அடிவாரம் சேர வேண்டும். பள்ளத்தாக்கின் ஒரு பகுதி பூர்வகுடி ஹவாய் மக்களுக்கென ஒதுக்கிய நிலம், பழைய வழிபாட்டு இடங்களும் அங்கே உண்டு. அவர்கள் சம்மதத்தைக் கடைசியில் வாங்கும் கையெழுத்தாக வைத்துக்கொள்ளாமல் முதலில் கேட்க வேண்டும். பராமரிப்பும் காப்பீடும் கட்டணத்திலிருந்தே வர வேண்டும்.

இதற்கு இரண்டு ஆண்டுக் கெடு கொடுப்பேன். அதற்குள் அடிவாரத்துக்கு ஒரு வழி கிடைக்கவில்லை என்றால், மனமில்லாவிட்டாலும் அகற்றும் பக்கம் கைதூக்குவேன். காவலரும் பூட்டும் நள்ளிரவு ஏற்றமும் இன்னொரு முப்பது ஆண்டு நீடிப்பதை விட அது மேல்.