குடும்ப வகுப்பா, லேப் பேண்டா? அமெரிக்காவில் பேண்ட் ஆசிரியர்கள் உருவாகும் இரண்டு வழிகள்

அமெரிக்கப் பள்ளிகளில் பேண்ட் (காற்று, தாள வாத்தியக் குழு) பெரும்பாலும் ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்பில் தொடங்கும். ஒரே அறையில் ஃப்ளூட், கிளாரினெட், டிரம்பெட், டிரோம்போன், டிரம் எல்லாம் இருக்கும், வாத்தியார் ஒருவர்தான். அவர் ஆழமாகக் கற்றது பெரும்பாலும் ஒரே வாத்தியம். மற்றவற்றைப் பழக்கக் கல்லூரிகளில் இரண்டு வழி உண்டு.

ஒன்று குடும்ப வகுப்பு: ஓரின வாத்தியங்கள் சேர்ந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பருவம். உதாரணமாக, மரக்காற்றுக் குடும்பத்தில் வாத்தியம் ஐந்து (ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், சாக்ஸபோன், பசூன்), பருவம் 15 வாரம்; ஒன்றுக்கு மூன்று வாரம்தான். மற்றொன்று லேப் பேண்ட்: ஆசிரியராகப் படிப்பவர்களே ஒரு பேண்டாக உட்கார, ஆளுக்கொரு பழகாத வாத்தியம், முறைவைத்து ஒருவர் முன்னால் நின்று நடத்துவார்.

பிழை கண்டுபிடிக்கக் கற்றுத்தருவது குடும்ப வகுப்புதான். கிளாரினெட்டில் நடு ஏ-யிலிருந்து மேலே பி-க்குத் (ஏ, பி எல்லாம் மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்) தாண்டுவதைப் பாருங்கள். ஒற்றை விரலில் ஒலித்த ஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய எல்லா விரலும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். வலக்கை மோதிரவிரல் துளையை நூலளவு மூடாமல் விட்டாலும் கீச்சென்று கத்தும். டிரம்பெட் மட்டுமே தெரிந்தவர் "ரீடை (ஊதுவாயில் அதிரும் மெல்லிய பட்டையை) மாற்று" என்பார். கிளாரினெட்டைக் கையில் பிடித்தவர், ஏ வாசிக்கும்போதே வலக்கை விரல்களைத் துளைமேல் வைத்துக்கொள்ளச் சொல்வார். ஊதுவாயையும் அதை அடுத்த குட்டைக் குழாயையும் மட்டும் பூட்டி ஊதினால் எஃப் ஷார்ப் வர வேண்டும். அதற்குக் கீழே தொங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட சோதனைகளை லேப் பேண்டின் இரைச்சலில் செய்ய முடியாது. ஓபோவின் இரட்டை ரீடு நம் நாகஸ்வரச் சீவாளிக்கு உறவு. ஊறவைக்காமல் ஊதினால் பேசாது. அதற்கும் பொறுமை தருவது குடும்ப வகுப்பே.

செலவில் லேப் பேண்ட் ஜெயிக்கிறது. 15 பேர் ஒரே நேரத்தில் கிளாரினெட் பழக 15 கிளாரினெட் வேண்டும். லேப் பேண்டுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று போதும். ஊதுவாயைக் கழுவிக் கிருமிநீக்கியில் போடாமல் கைமாற்றக் கூடாது என்பது இரண்டுக்கும் பொது.

லேப் பேண்டின் உண்மையான பலம் வேறு. "எல்லாரும் பி ஃப்ளாட்" என்றால் ஃப்ளூட்டும் டிரோம்போனும் பி ஃப்ளாட்டே வாசிக்கும். அதே ஒலிக்குக் கிளாரினெட்டிலும் டிரம்பெட்டிலும் பெயர் சி, ஆல்டோ சாக்ஸில் ஜி, ஹார்னில் எஃப். இதைக் காகிதத்தில் மனப்பாடம் செய்தவர் முதல் நாள் வகுப்பில் திணறுவார். ஹார்ன் இன்னும் மோசம்: வால்வு சரியாக இருந்தும் பக்கத்து ஸ்வரம் விழும், ஏனென்றால் அதன் மேல்ஸ்தாயி ஸ்வரங்கள் நெருக்கமாக அடுக்கியவை. முதலில் பாடவைத்து, பிறகு ஊதவைக்கும் பழக்கம் கும்பலுக்கு நடுவில் நின்றால்தான் வரும்.

ஒன்றுக்குத்தான் இடம் என்றால் குடும்ப வகுப்பு. ஓபோவில் ஒரு வாரம், பசூனில் ஒரு வாரம் குறைத்துக் கிளாரினெட்டுக்கு ஐந்து வாரம். இரண்டும் உண்டென்றால் லேப் பேண்ட் பின்னால் வரட்டும். அதில் கிளாரினெட்காரருக்கு டிரோம்போன் கொடுங்கள், சாக்ஸபோன் வேண்டாம். சாக்ஸபோன் என்றால் பழகிய விரல்களே பாதி வேலையைச் செய்துவிடும்.